ரெண்டு முடிச்சு, நாலு முடிச்சு

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு நொடி நின்றுவிடுவார்கள். கூடத்தின் நீளச் சுவர் முழுக்க அடர் நீலம். அதையொட்டி எலுமிச்சை மஞ்சளில், முகம் பார்த்துத் தலை வாரலாம் போல மின்னும் அலமாரி. கதவும் மஞ்சள், நாற்காலிகள் நீலம். மாடிவீட்டுக்காரி ஒருநாள், "கண்ணு கூசுதுக்கா" என்றாள். "கூசினா தரையைப் பாத்து நட" என்றேன். அவளுக்குப் பதில் சொல்லிவிடலாம், என் தங்கைக்குத்தான் முடியாது. "உனக்குச் சின்ன வயசிலேர்ந்து சிவப்புதானே உசுரு? வீட்டுல மருந்துக்குக்கூட சிவப்பு இல்லையே" என்று வரும்போதெல்லாம் குடைவாள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். கூடப் பிறந்தவளிடம்கூட உண்மையைச் சொன்னதில்லை.

உண்மை இதுதான். என் வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. இரண்டும் அவருக்கு ஒரே சேற்று நிறம். நீலமும் மஞ்சளும்தான் பளிச்சென்று தெரியும். அவர் வேலை முடிந்து வந்து உட்காரும் வீடாவது அவர் கண்ணுக்கு வீடாகத் தெரியட்டும் என்றுதான் இந்த நீலமும் மஞ்சளும். இதில் கொடுமை என்னவென்றால், மனிதர் செய்கிற வேலையே நிறம் சேர்க்கிற வேலை.

பெரிய பர்னிச்சர் கடை ஒன்றில் அவர் டச்-அப் ஆள். பளபளப்பான மேசை, அலமாரிகளில் கீறல் விழுந்தாலோ சில்லு பெயர்ந்தாலோ வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் சரிசெய்ய வேண்டும். முதலில் பாலிஷ் போடத்தான் சேர்ந்தார். அந்த விஷயத்தில் அவர் கைக்கு ஈடு கிடையாது. போனின் டார்ச்சை மேசைமேல் சாய்த்துப் பிடித்து, மற்றவர் கண்ணுக்குப் படாத முடிக்கீறலைக்கூடக் காட்டிவிடுவார். வேலையைத் தொடங்கும் முன் மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். பக்கிள் உரசினால் போச்சே! துணி தரையில் விழுந்துவிட்டால் அதை மறுபடி மேசையில் வைக்க மாட்டார். ஒரு மணல் துகள் போதுமாம். ஈரத் துணியால் நேர்கோட்டில் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை. வட்டமாகத் துடைத்தால் என்னையே முறைப்பார். அவருடைய சாம்பல் நிறத் துணியை வீட்டில் ஒருத்தரும் தொடக்கூடாது.

ஆறு வருஷத்துக்கு முன் பழைய டச்-அப் ஆள் நின்றபோது, "உன் கைதான் நல்ல கை" என்று கலர் பெட்டியை இவரிடம் நீட்டினார்கள். இவரால் வாங்காமல் இருக்க முடியவில்லை. அதற்கு முன் வேலை பார்த்த அச்சகத்தில் விஷயம் வெளியே வந்து, எல்லார் முன்னாலும் நிறுத்தி, கலர் பென்சில்களை ஒவ்வொன்றாக நீட்டி, "இது என்ன, இது என்ன" என்று கேட்டுச் சிரித்துத்தான் அனுப்பினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அந்தச் சிரிப்பை மறுபடி கேட்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். வேலை போவதுகூட அப்புறம்தான்.

நான் நூல்கடையில் நிற்கிறவள். நூற்றுக்கணக்கான நூல்கண்டுகளில் துணிக்குப் பொருந்தும் கண்டைப் பார்த்தவுடன் எடுப்பேன். அதனால் பெட்டியின் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் பட்டால் சாயம் கெட்டுவிடும் என்று பெட்டியிலிருக்கும் சாயங்கள் கறுப்புக் கண்ணாடிக் குப்பிகளில்தான் வரும், உள்ளே இருப்பது எனக்கே தெரியாது. ஒட்டிய பெயர்ச்சீட்டும் சாயம் கரைக்கும் தின்னர் பட்டு நாலு நாளில் அழிந்துவிடும். ஆகவே சொட்டு மூடிகளில் நூல் கட்டினேன். ஒரு முடிச்சு கறுப்பு, ரெண்டு முடிச்சு சிவப்பு, மூன்று பழுப்பு, நாலு பச்சை. குப்பி தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், மூடி நிலைக்கும், அதனால்தான் மூடியில். கடையின் ஒவ்வொரு மாடலுக்கும் எத்தனை முடிச்சு, எத்தனை சொட்டு என்று நோட்டில் எழுதி வைத்தேன். நோட்டில் இல்லாத நிறம் வந்தால், அலமாரியின் பின்னாலிருந்து ஒரு துண்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் கலக்கிக் கொடுப்பேன், மறுநாள் போய்ப் பூசுவார். "நாளைக்கு வரேங்க, கலர் ஊறணும்" என்பது அவருடைய பல்லவி. கடையில் அவருக்குப் பட்டப்பெயரே 'நாளைக்கு'.

அந்த மாதம் புது சூப்பர்வைசர் வந்தார். "ஊறுறதுக்கு அது என்ன ஊறுகாயா? ஒரே நாள்ல முடிக்கணும். செவ்வாய்க்கிழமை நானே கூட வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார். பல் டாக்டரம்மா ஒருவர் வீட்டில் நீள அலமாரியின் முனையில் சில்லு. செர்ரி சிவப்பு. நோட்டில் இருக்கிற மாடல்தான்: ரெண்டு முடிச்சு ஆறு சொட்டு, ஒரு முடிச்சு ஒரு சொட்டு.

"நோட்டுல இருக்கே, எதுக்குப் பயம்?" என்றேன் செவ்வாய்க்கிழமை காலையில்.

"பயமா? எனக்கா?" என்றார், சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டே.

அதற்கு முன், அவர் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. மேலதிகாரி பெட்டியைத் திறந்து பார்ப்பாரே, மூடியெல்லாம் சாயம் காய்ந்து அசிங்கமாக இருக்கிறதே என்று நாலு மூடிகளையும் தின்னரில் போட்டு ஊறவைத்தேன். துடைத்துத் திருப்பி மூடினேன். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். தங்கை, தன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காத கதையை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நூல்கடையில் பத்தரை மணி இருக்கும். ஒரு அம்மா வெள்ளை நூல் கேட்டார். எடுத்து நீட்டினேன். "கையைக் கழுவிட்டுத் தொடும்மா. கட்டைவிரல்ல பச்சை இருக்கு, நூல்ல ஒட்டப்போகுது" என்றார்.

பார்த்தேன். நகத்தின் ஓரத்தில் பச்சை. காலையில் ஒரு மூடியை அழுத்தும்போது குப்பியின் கழுத்தில் சாயம் பிதுங்கி விரலில் பட்டது ஞாபகம் வந்தது. அந்த மூடியில் நூல் தளர்ந்திருந்ததால் நானே இழுத்து இறுக்கினேன். ரெண்டு முடிச்சு. ரெண்டு முடிச்சு என்றால் சிவப்பு. அதற்குக் கீழே எப்படிப் பச்சை வரும்?

இரண்டு மூடியையும் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்: பைக்குள், மோதிரத்தோடும் பெல்ட்டோடும். ஏழு முறை அடித்தேன். சூப்பர்வைசர் நம்பர் பர்னிச்சர் கடையில் கேட்டால் கிடைக்கும். ஆனால் அவரிடம் என்னவென்று சொல்வது? என் வீட்டுக்காரர் வேலைச்சீட்டைத் தினமும் எனக்குப் படம் எடுத்து அனுப்புவார், அதில் முகவரி இருந்தது. என் முதலாளியிடம், "தலை போற காரியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். அவர் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பத்து மணிக்குத் தொடங்கியிருப்பார். சில்லில் புட்டிப் பசை அடைத்துக் காய அரை மணி. ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கால் மணி, துடைத்து ஆற விட இன்னும் கொஞ்சம். பதினொன்றுக்குப் பிரஷ்ஷை எடுப்பார். நான் இறங்கியபோது பத்து ஐம்பத்தைந்து. ஒவ்வொரு சிக்னலிலும் அந்த டிரைவரை மனதுக்குள் வைதது, அவருக்குக் கேட்டிருந்தால் வண்டியை விட்டே இறங்கிப் போயிருப்பார்.

லிஃப்ட்டோ மாடிக்கு மாடி நின்று ஆளை ஏற்றியது. ஐந்தாவது மாடியில் வாடை போவதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஊதாச் சுவர், ஆரஞ்சு சோபா, அதற்கு எதிரே அந்தச் செர்ரி சிவப்பு அலமாரி. வேறு நாளாக இருந்தால் நின்று ரசித்திருப்பேன். அன்றைக்கு என் கண்ணுக்குப் பட்டது ஒன்றே ஒன்றுதான். அலமாரியின் முனையில், கட்டைவிரல் அகலத்துக்கு, அழகாக, விளிம்பு பிசகாமல் பூசப்பட்ட பச்சை.

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, பிரஷ்ஷைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பாருங்கம்மா. எங்க சில்லு இருந்துச்சுன்னே தெரியாது."

ஜன்னலோரம் போனில் பேசிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் திரும்பினார். உள்ளேயிருந்து வந்த டாக்டரம்மா அவரையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா, விளையாடறியா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார், சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார், மறுபடி அலமாரியைப் பார்த்தார். அங்கே அவருக்கு எதுவும் தெரியவில்லை. தப்பு எங்கோ இருக்கிறது, எல்லாருக்கும் தெரிகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

"துடைங்க!" என்றேன் வாசலிலிருந்து. "காயறதுக்குள்ள துடைச்சிடுங்க."

என்னைப் பார்த்தார். ஏன், எப்படி வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாம்பல் துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தார்.

"நீங்க யாரு?" என்றார் சூப்பர்வைசர்.

"அவர் வீட்டுக்காரிங்க" என்றேன். பதிலுக்குக் காத்திராமல் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். வெள்ளைத் தாளில் ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நினைத்ததுதான். சிவப்பில் ஆறு, கறுப்பில் ஒன்று. கலக்கிக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினேன். அலமாரியைத் தொட்ட கை ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பூசினார், காயவிட்டார், மேலே மினுக்குப் பூச்சு கொடுத்தார், அதுவும் இறுகியபின் தேய்த்தார். மதியம் ஆனது. அத்தனை நேரமும் சூப்பர்வைசர் ஜன்னலோரம் நின்றபடி இருந்தார். முடிந்ததும் டாக்டரம்மா முனையை விரலால் தடவினார், மறுபடி தடவினார், "எங்க இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அப்போதுதான் சூப்பர்வைசர் சோபாவிலிருந்த குஷனை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். பச்சைக் குஷன்.

"இது என்ன கலர்?"

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"தெரியாது சார். எனக்கு நீலமும் மஞ்சளும்தான் தெரியும்."

"ஆறு வருஷமாவா?"

"பொறந்ததுலேர்ந்து சார்."

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. குஷனை இருந்த இடத்தில் வைத்தார். "நாளையிலேர்ந்து கலர் பெட்டியைத் தொடாதீங்க. ஷோரூம்ல பாலிஷ் மட்டும் பாருங்க. வீடுகளுக்குப் போக வேற ஆளைப் போடறேன்" என்றார். பெட்டியைத் தானே மூடித் தூக்கிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மடியில் பை மட்டும். பெட்டி இல்லாமல் அவர் வீடு திரும்பி ஆறு வருஷம் ஆகிறது. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆறு சொட்டு, ஒரு சொட்டு. எண்ணித்தான் விட்டேன். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. வயசாகுது போல. கைமேல இருந்த நம்பிக்கையே போச்சு."

அவர் குப்பியைத் திறந்து பார்க்க முடியாது, பார்த்தாலும் தெரியாது. என் கட்டைவிரலை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாலும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. நானோ குழம்பில் உப்பு கூடினால் உப்புக்காரனைத் திட்டுகிறவள்.

"நீங்க தப்பு பண்ணல" என்றேன். "காலையில மூடியைக் கழுவினேன். ரெண்டு முடிச்சையும் நாலு முடிச்சையும் மாத்திப் போட்டுட்டேன். இதோ, என் நகத்துல இன்னும் பச்சை இருக்கு."

அவர் விரலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தட்டும் என்றும் இருந்தது.

"அப்ப நான் ரெண்டு முடிச்சு மூடியிலேர்ந்துதான் எடுத்தேன்?"

"ஆமா."

"ஆறு சொட்டு?"

"ஆறாத்தான் இருக்கும். நீங்க எண்ணினா தப்பாது."

"அப்ப நான் சரியாத்தான் பண்ணிருக்கேன்." மறுபடியும் அதையே சொன்னார், இந்த முறை மெதுவாக. அவர் தோள் இறங்கியது. போன வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை.

பையைத் திறந்து சாம்பல் துணியை எடுத்தார். ஒருத்தரும் தொடக்கூடாத துணி. என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம்?"

"நகத்தோட ஓரத்துல. இடது பக்கம்."

நேர்கோட்டில் ஒருமுறை துடைத்தார், இன்னொரு முறை துடைத்தார். பிறகு விரலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போகல" என்றேன். "இன்னும் தேய்ங்க."