முகம் வரையாத படம்

பேய்க்கும் முனிக்கும் நான் பயந்தவள் இல்லை. விடியாத இருட்டில் ரப்பர்ப் பால் மரங்களுக்குள் தனியாகப் போகிறவளுக்கு அந்தப் பயமெல்லாம் கட்டுப்படியாகாது. இன்றைக்கும் யாராவது ஆவி என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் ஜொகூர் பாருவில், பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில் நடந்ததை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். நீங்கள் சிரித்தாலும் சரி.

ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். செடெனாக் பக்கம் எங்கள் தோட்டம். துரை வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஒரு வெள்ளைக்காரி எங்களை நிற்க வைத்துப் படம் எழுதினாள். என் தங்கை பொன்னியையும் வாளியோடு மரத்தடியில் நிறுத்தி எழுதினாள். அந்த அம்மாள் தோட்டத்தை விட்டுப் போன பிறகுதான் பொன்னிக்குக் காய்ச்சல் வந்தது. பிழைக்கவில்லை. போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. நாளாக ஆக அவள் முகம் என் நினைவிலேயே கலைய ஆரம்பித்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் அந்தப் படங்களை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வேலைக்கு வராவிட்டால் பேர் வெட்டுவேன் என்றார் கங்காணி. வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன்.

வாசலில் காவல்காரன் தடுத்தான். சத்தம் கேட்டு எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஓடிவந்தார். படங்களைப் பார்த்துக்கொள்ளத் துரை அவரைத்தான் அனுப்பியிருந்தார்.

"அலமாக்! அஞ்சல, நீ எங்க இங்க? தொர பாத்தா என் வேலையும் போயிரும்லா. திரும்பிப் போ."

"என் தங்கச்சி உள்ள இருக்கா, ஐயா. பாக்காம போகமாட்டேன்."

அவரை ஒதுக்கிவிட்டு முன்வாசல் வழியாகவே நுழைந்தேன். உள்ளே சுவரெல்லாம் படங்கள். மரங்கள் ஊதா நிறம், வானம் மஞ்சள், உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஒரு கடல். வெள்ளைக்காரர்கள் கையில் கிளாஸோடு நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி அறையில் பொன்னி இருந்தாள். அதே வாளி, அதே தலைத்துணி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண்நிறத்தில் ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

எழுதின அம்மாளும் அங்கேதான் நின்றாள். பின்னாலேயே வந்த கிராணியிடம், ஏன் முகம் இல்லை என்று கேட்கச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இது புது மாதிரிப் படமாம். முகம் தேவயில்லயாம். கூலிப் பொம்பள யாரா இருந்தாலும் ஒண்ணுதானாம்."

"ஒண்ணு இல்லன்னு சொல்லுங்க. அவ பேரு பொன்னி."

அதை அவர் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் படத்துக்கு நேராகப் போய் நின்று, அந்த மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். "ஏய் பொன்னி! அக்கா வந்திருக்கேன். என்னப் பாருடி!"

நம்பினால் நம்புங்கள். முதலில் புளித்த ரப்பர் பாலின் வாசம் வந்தது. அப்புறம், பாலில் ஆசிட் ஊற்றினால் எப்படித் திரண்டு உறையுமோ அப்படி அந்தப் பூச்சு சுருங்கித் திரண்டது, மூக்கு வந்தது, உதடு வந்தது, கண் வந்தது. தலைத்துணியைக் காணோம். முடி ஒட்ட வெட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்காக வெட்டிவிட்ட முடி. அந்த வெள்ளைக்காரி அதைப் பார்த்ததே கிடையாது.

அவள் கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. ஏதோ முணுமுணுத்தாள். கிராணி என் பக்கம் திரும்பினார்.

"இது அவங்க எழுதுனது இல்லங்கிறாங்க, அஞ்சல."

"அப்ப இது என்னோடது," என்று சொல்லிப் படத்தை ஆணியிலிருந்து கழற்றி இடுப்பில் அணைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தேன். ஒருத்தரும் தடுக்கவில்லை.

கங்காணி சொன்னபடியே பேரை வெட்டினார். காஹாங் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனேன். படம் என்னோடுதான் வந்தது. எரித்துவிடு என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், என் தங்கையை ஒருமுறை எரித்தது போதும் என்று வாயடைத்துவிட்டேன்.

ஒன்றுதான் இன்னும் பிடிபடவில்லை. என்னைப் பார் என்றுதான் நான் கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்துக்கு முன்னால் நான் எங்கே நின்றாலும், என் தோளுக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்க்கிறாள். திரும்பினால் வெறும் சுவர்தான். யாராக இருந்தாலும் இருக்கட்டும், படத்தை இறக்க மாட்டேன். ஆனால் அவள் பார்ப்பது புதிய ஆளைப் பார்க்கிற பார்வை இல்லை.