ஏவுகணைக்குத் தூரம் கூட்டிய கதை

மில்லில் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் தங்கையின் படிப்பு நின்றுவிடும். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த விஞ்ஞானப் பட்டதாரி வேண்டும் என்று மூன்று அதிகாரிகள் புதுச்சேரிக்கே வந்திருந்தார்கள்.

கடற்கரைப் பக்கத்துக் கட்டடம். மின்விசிறி சுற்றியும் சட்டை முதுகில் ஒட்டியது. நடுவில் இருந்தவர் தமிழர்.

"விமானத்தை அடிக்கிற ஏவுகணை, பாதி வழியிலயே விழுந்துடுது. தூரத்தைக் கூட்ட என்ன செய்வீங்க?"

"எரிபொருளைக் கூட்டுவேன் சார்."

"எடையும் கூடுமே!"

"எரிஞ்சு முடிஞ்ச கூட்டைக் கழட்டி விட்டுடலாம் சார். முதல்ல நல்லா உசரத்துக்கு ஏத்திட்டா, அங்க காத்து கம்மி. வேகம் அவ்வளவா குறையாது."

"சரி, போய்ச் சேந்துடுச்சு. விமானம் சட்டுனு திரும்புது. உங்க ஏவுகணைக்குத் துரத்த வேகம் மிச்சமில்ல. அப்போ?"

மனுஷன் விடமாட்டார் போலிருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் எனக்குப் பயம் போய்விடும். காகிதத்தை இழுத்துப் படம் போட்டேன். எரிபொருளை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு தடுப்பு. முதல் பங்கு மேலே தூக்கும். பிறகு எரியாமலே கொஞ்ச தூரம் போகும். விமானத்தை நெருங்கும்போது இரண்டாம் பங்கைப் பற்றவைத்தால் மறுபடி வேகம் வந்துவிடும். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் "சபாஷ்!" என்றே சொல்லிவிட்டார். அப்பாடா, வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"இதை எங்க படிச்சீங்க?"

"எங்க அண்ணன் அனுப்புற பிரெஞ்சு பத்திரிகையில சார்."

"அண்ணன் எங்க இருக்கார்?"

"பிரான்சுல சார். அந்த ஊர்ப் பட்டாளத்துல சொல்தா," என்றேன் பெருமையாக. எங்கள் தெருவில் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வீடு, என்றால் தனி மரியாதை. அண்ணனுக்கு அங்கேயே குடும்பமாகிவிட்டது. எங்களுக்கு வந்துகொண்டிருந்தது பத்திரிகை மட்டும்தான்.

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "அந்நிய ராணுவத்துல அண்ணன். நீங்க இங்க ஏவுகணை வேலை..." என் விண்ணப்பத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கக் கூடாதா, சனியன் பிடித்த வாய்!

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னடா ஆச்சு?" என்றாள்.

அண்ணனைக் காரணம் சொல்ல மனம் வரவில்லை.

"ஒரு கேள்விக்குப் பதில் தெரியலம்மா."

அம்மா தண்ணீர்ச் சொம்பை என்னிடம் நீட்டினாள். பிறகு, "அண்ணனுக்கு லெட்டர் போடு. இன்னும் நல்ல புஸ்தகமாப் பாத்து அனுப்பச் சொல்லு," என்றாள்.