ஆடியில் பார்த்த வீடு

ரத்தினசாமி வீடு பார்த்தது ஆடி மாதத்தில். அதுதான் வந்த வினை.

கௌதள்ளி கிராமத்து ராகிக் களத்தில் வளர்ந்த ஆள். காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று தூற்றினால் தூசி தன் மேல் விழாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணறு வற்றியபின் மைசூருக்கு வெளியே, பழைய டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். டயரெல்லாம் கப்பலேறி வந்தவை. தங்கள் ஊர்க் காற்று கெட்டுவிடக் கூடாது என்று கவலைப்படும் புண்ணியவான்கள் அனுப்பியவை. அவர்களும் காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் தூற்றுகிறவர்கள்தாம், களம்தான் பெரிது.

அவன் மகள் மீனாவுக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. ஆடிக்காற்று மேற்கேயிருந்து அடித்துப் புகையைக் கிழக்கே தள்ளியதைப் பார்த்து, கொட்டகைக்கு மேற்கே வீடு பிடித்தான். மனைவி பூங்குழலியின் நகையை விற்றுப் போக்கியத்துக்குக் கொடுத்தாயிற்று. மூன்று வருஷத்துக்கு அந்தப் பணம் அசையாது.

கிழக்கே குடியிருந்த பசம்மா ஒருநாள் கொட்டகை வாசலுக்கு வந்தாள். மாமியார் மூச்சுக்குத் திணறுகிறாள், அடுப்பைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள் என்று கெஞ்சினாள். முதலாளி உள்ளே உட்கார்ந்துகொண்டு ரத்தினசாமியை அனுப்பினார். ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், காற்று திரும்பிவிடும் என்று அவனும் சொல்லி அனுப்பிவிட்டான்.

ஐப்பசியில் திரும்பியது. கீழ்க்காற்று புகையை நேரே அவன் வாசலுக்குக் கொண்டுவந்தது. தூற்றுவதற்கு அன்றைக்கு அடிக்கும் காற்றைப் பார்த்தால் போதும், குடியிருப்பதற்கு வருஷம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் களத்துப் புத்திக்கு எட்டவில்லை. வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பித்தர முடியாது என்றார். வேலை பிடிக்கவில்லையென்றால் வாசலில் ஆள் நிற்கிறது என்றார் முதலாளி.

"ஊருக்கே போயிரலாமுங்க," என்றாள் பூங்குழலி.

"போயி என்னத்தத் திங்கறது?"

ஒரு சாயங்காலம் மீனாவின் உதடு கறுத்துவிட்டது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு புகை இல்லாத பக்கமாக ஓடினான். கிழக்கே முதலில் திறந்திருந்த கதவு பசம்மாவுடையது. அவளுக்கு அவனை நன்றாகவே அடையாளம் தெரிந்தது. இருந்தும் பிள்ளையை வாங்கி, ஜன்னலோரம் நிமிர்த்தி உட்காரவைத்து, இழுப்பு அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் வெட்கத்தில் வாசற்படி தாண்டவில்லை.

பசம்மா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "மாசி வரைக்கும் பாப்பா இங்கயே இருக்கட்டும். ஆடியில எங்க அத்தையைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரேன். அப்ப ஜன்னலைச் சாத்துன்னு மட்டும் சொல்லாதீங்க."

மறுநாள் காலையில் ரத்தினசாமி எப்போதும்போல வேலைக்குப் போனான். டயரை இழுத்து உலைக்குள் தள்ளி, அடியில் தீ மூட்டினான். புகை எழும்பி மேற்கே சாய்ந்தது. பூங்குழலி அங்கே இந்நேரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருப்பாள்.