தடுப்பாட்டக்காரரின் ஒரே கோல்

நான்காம் வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். தெரிந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைப் பெரிய அட்டையில் காலவரிசைப்படி எழுதிவர வேண்டும். தேதி என்றால் எனக்கு அப்போதே பைத்தியம். பால் டப்பாவில் அச்சிட்டிருப்பதைக்கூட நோட்டில் குறித்துவைப்பேன்.

அமெரிக்காவில் நாங்கள் இருந்த காப்பெல் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் மெக்சிகோக்காரர். 1950களில் அங்கே சம்பளத்துக்குக் கால்பந்து ஆடிய தடுப்பாட்டக்காரர். மூன்று மாலைகள் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அணியில் சேர்ந்தது, முழங்கால் போனது, மணமானது என எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக்கொண்டேன். அவர் சேர்த்துவைத்த பத்திரிகைத் துணுக்குகள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டன. இனி என் அட்டைதான் சாட்சி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாகக் கோல் கணக்கு. ஒன்று என்றார். பக்கத்து ஊர் மைதானத்தில், கொட்டும் மழையில், வெளியே தள்ளுவதாக நினைத்துத் தலையால் முட்டிய பந்து சொந்த அணியின் வலைக்குள்ளேயே போய்விட்டதாம். அந்த ஒரு கோலில் தோல்வி. அடுப்பருகே நின்ற அவர் மனைவி அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அன்று கூட்டத்தில் இருந்தாராம். ஆட்டம் முடிந்ததும் நேரே போய் அவருக்கு நன்றி சொன்னாராம். ஆட்டத்தின் தேதியைக் குறித்துக்கொண்டேன்; நன்றி சொன்னது கணக்கில் சேராத விஷயம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன்.

“அது சேம்சைடு கோல்மா. அவர் கணக்குல எப்படி எழுதுவே?”

“பட் அங்கிள் ஒன்னு சொன்னாரே, ப்பா!”

“ரன் அவுட் ஆனவனுக்கு செஞ்சுரி குடுப்பியா நீ?”

கறுப்பு மார்க்கரால் அழுத்தி எழுதினேன், கோல்: 0.

அட்டையைப் பள்ளியில் மாட்டுவதற்கு முந்தின மாலை அங்கிளிடம் காட்டினேன். விரல் வைத்து வரிவரியாகச் சிரித்துக்கொண்டே படித்தார். பூஜ்யத்தில் விரல் நின்றது, சிரிப்பும் நின்றது.

“ஒன்று என்றேனே” என்றார் மெல்ல.

நான் விதிகளை வக்கீல் மாதிரி விளக்கினேன். ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் மார்க்கரைப் பிடுங்கினார். பூஜ்யத்தை அடித்துவிட்டு உள்ளங்கை நீளத்துக்கு ஒரு 1 போட்டார். ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அங்கிளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சுமுட்டச் சிரித்தார்கள். எனக்கோ அழுகை முட்டியது. வேறு அட்டை எழுத நேரமில்லை. அடித்துத் திருத்தியதற்கு மறுநாள் மதிப்பெண்ணும் குறைந்தது.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. மழையில் நடந்த ஆட்டம், மே மாதம். கல்யாணம், அதே வருடம் டிசம்பர். ஒரு விரற்கடை இடைவெளியில், இரண்டும் என் கையெழுத்தில், நாள் கிழமை பிசகாமல். இரண்டையும் சேர்த்துப் படிக்க மட்டும் அப்போது எனக்குத் தெரியவில்லை.