பெட்ரோல் தாங்கி மூடியில் வைத்த பொட்டு

செல்லம், சுந்தரம், நீங்கள் இரண்டு பேரும் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், சுந்தரம் நிச்சயம் சிரிப்பான். பள்ளிக்கூடத்தில் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். சரிதான், நானும் அந்தக் கட்சிதான். சாமி கும்பிடுவேன், அது வேறு. ஆனால் புளியமரத்தில் உருவம் நின்றது, வளைவில் வெள்ளைச் சேலை போனது என்று லயத்து வரிசை வீடுகளில் யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். இஞ்சின் பார்க்கிறவனுக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். சத்தம் வந்தால் எங்கேயோ ஆணி தளர்ந்திருக்கிறது, புகை வந்தால் எங்கேயோ எண்ணெய் கூடிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் அப்பா கதை விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகல் மூன்று மணிக்கு.

அப்போது நான் அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் இஞ்சின் டிரைவர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை அரைக்கிற ஆலையை. அங்கே ஒரு பெரிய எண்ணெய் இஞ்சின் இருந்தது, அதன் சக்கரம் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம், அதைக் கையால் சுற்றிக் கிளப்ப எந்த மனிதனாலும் முடியாது. அதற்காகப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்ரோல் இஞ்சின். சின்னதைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டும், அது இருபது நிமிஷம் ஓடி ஒரு இரும்புக் குடுவையில் காற்றை அடைக்கும், குடுவை நிறைந்ததும் அந்தக் காற்றைத் திறந்துவிட்டால் பெரிய சக்கரம் புரளும். சின்னது ஓடினால்தான் பெரியது ஓடும், பெரியது ஓடினால்தான் ஸ்டோர் ஓடும்.

அந்தச் சின்னதுக்கு ஒரு பழைய வியாதி இருந்தது. ஆறிக் கிடக்கும்போது அரைச் சுற்றிலேயே கிளம்பும். ஓடிச் சூடேறிய பிறகு நிறுத்தினால் மறுபடி கிளம்பாது, பிடிவாதம் பிடிக்கும். வெயில் நாளில் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், அதுதான் காரணம். ஈரச் சாக்கைக் குழாயின் மேல் சுற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு ஸ்டோரை நிறுத்திக் கழுவி, எல்லா இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் வழக்கம். பெரிய இஞ்சினுக்கு டீமேக்கர் ஐயா வைப்பார், அவர்தான் ஸ்டோருக்குப் பொறுப்பு. சின்னதுக்கு நான் வைப்பேன். அந்த வருஷம் நான் சும்மா வைக்கவில்லை. செல்லம், உனக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் பிறந்து அழாமலே போய்விட்டன. அப்போது நீ அம்மா வயிற்றில் நிறை மாசம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பெட்ரோல் தாங்கியின் பித்தளை மூடி நடுவில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டேன். அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது.

பூஜை முடிந்து மறுநாள் விடியும்போதே உங்கள் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி காத்தாயி அக்காவைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, இஞ்சினைக் கிளப்பி வைத்துவிட்டு ஓடிவந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனேன். ஓட ஆரம்பித்துவிட்டால் எண்ணெய் ஊற்றுகிற வேலு அண்ணன் பார்த்துக்கொள்வார். ஆனால் காற்றுக் குடுவையைத் திறக்க என்னைத் தவிர யாரையும் விடமாட்டார்கள், முன்னே ஒருவர் தப்பாகத் திறந்து கை போயிருந்தது.

சின்னது அரைச் சுற்றில் கிளம்பியது. சந்தோஷமாக இருந்தது. ஏழெட்டு நிமிஷம் ஓடியது, திக்கியது, நின்றது. சுற்றினேன், கிளம்பவில்லை. பழைய வியாதிதான் என்று ஈரச் சாக்குப் போட்டேன். புளக்கைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன், முக்கால் தாங்கி இருந்தது, மூடினேன், மறுபடி சுற்றினேன், கிளம்பியது. அப்பாடா, சூடு ஆறிவிட்டது என்று நினைத்தேன். ஏழு நிமிஷத்தில் மறுபடி நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குள் குடுவையில் ஏறியிருந்த காற்றும் தேய்ந்துபோன வாசர் வழியாகக் கசிந்து இறங்கிவிட்டது. காலையிலிருந்து இதே கூத்துதான்.

வேலு அண்ணன் சாக்கை நனைத்துக்கொண்டே, "ஏம்ப்பா, வெளிய மூடுபனி, எனக்குப் பல்லு கிட்டிக்குது, இதுக்கு மட்டும் எங்கேருந்து வேர்க்குது?" என்றார்.

எனக்கும் அதுதான் புரியவில்லை. அன்றைக்குச் சூரியனே இல்லை, கதவு வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது, குழாயைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பின்னே எந்தச் சூட்டில் இது முரண்டு பிடிக்கிறது?

டீமேக்கர் ஐயா தேயிலைக் கொழுந்தை வாட்டுகிற மாடியிலிருந்து இறங்கி வந்தார். "கொழுந்து முழுக்க வாடிருச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் போனா சிவந்து நாறிரும். நாலு மணிக்குத் தொரை வருவாரு, நான் என்னத்தச் சொல்ல?"

"ஐயா, வீட்டுல அவளுக்கு..."

"தெரியும்டா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. கெளப்பிட்டு ஓடு, யாரு புடிக்கிறா?"

மத்தியானம் லயத்திலிருந்து ஆள் வந்தது. காத்தாயி அக்கா சொல்லி அனுப்பியது ஒரே வார்த்தை, வரச் சொல்லு. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், முந்தைய இரண்டு தடவையும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாள். லயம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மைல். காந்தப் பெட்டியைக் கழற்றினேன், பொறி நன்றாகத்தான் வந்தது. கார்ப்புரேட்டரைக் கழற்றி ஊதினேன், அதிலும் அடைப்பு இல்லை. எல்லாவற்றையும் பூட்டிச் சுற்றினேன், கிளம்பியது, நின்றது. அப்புறம் சுற்றிச் சுற்றி உள்ளங்கையில் கொப்புளமே வந்துவிட்டது.

மூன்று மணி இருக்கும். டீமேக்கர் ஐயா மாடியில் இருந்தார், வேலு அண்ணன் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போயிருந்தார். நான் இஞ்சின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுகொண்டிருந்தேன். அப்போது கதவு வழியாக ஒரு பெண்பிள்ளை உள்ளே வந்தாள். கொழுந்து எடுக்கிற பெண்தான், முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கம்பளி. பனியோடு பனியாக வந்தாள், முகம் தெரியவில்லை.

"யாரும்மா அது? பொம்பளைங்க இங்க வரக்கூடாது, பெட்ரோல் இருக்கு!" என்று கத்தினேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏதோ தன் வீட்டு அடுப்படிக்குள் வந்தவள் மாதிரி நேரே தாங்கியிடம் போனாள். கையை மட்டும் நன்றாகப் பார்த்தேன், கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த கை, கட்டைவிரல் நகம் பாதி இல்லை. அந்தக் கட்டைவிரலால் நான் வைத்த பொட்டை ஒரே இழுப்பில் வழித்து எடுத்தாள். எவ்வளவு இறுகிக் கிடந்தது, நகத்தால் சுரண்டினாலும் வராது, அவள் வழித்ததும் அப்போதுதான் குழைத்தது போல ஈரமாக விரலோடு வந்தது. உடனே அந்த மூடியிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நீளமாக, முக்குளித்து மேலே வந்தவன் மூச்சை இழுப்பானே, அப்படி.

நான் எழுந்திருப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பனி. வேலு அண்ணன் வாளியோடு எதிரே வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இப்ப போனது யாரு?"

"யாரும் வரலியே. நாந்தான் வாரேன், என்னயப் பாத்தா பொம்பள மாதிரியா இருக்கு?"

திரும்பி வந்து மூடியைப் பார்த்தேன். நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. டின்பால் டப்பாவில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் பால் நின்றுவிடும், காற்றுப் போக இரண்டாவது ஓட்டை வேண்டும், நீங்களே பார்த்திருக்கிறீர்கள். தாங்கிக்கும் அப்படித்தான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்றுப் போக வேண்டும். அந்த வழியை என் பொட்டு அடைத்துவிட்டது. நான் மூடியைத் திறந்து பார்த்தபோதெல்லாம் கொஞ்சம் காற்றுப் போயிற்று, அதனால் கிளம்பிற்று. நான் அதைச் சூடு ஆறியதாக எண்ணிக்கொண்டேன். பழைய வியாதியையே நினைத்துக்கொண்டிருந்ததில் புது வியாதி கண்ணில் படவில்லை. வைத்தவனும் நான்தான்.

கைப்பிடியைப் போட்டேன். அரைச் சுற்று. கிளம்பியது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. குடுவை நிறைந்தது, பெரிய சக்கரம் புரண்டது, வேலு அண்ணன் கையில் எண்ணெய்க் குப்பியைத் திணித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்து எழுந்து ஓடினேன்.

லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலுக்குப் போகும்போதே நீ வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தாய், செல்லம். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வாசலிலேயே மண்டியிட்டுவிட்டேன். காத்தாயி அக்கா வெளியே வந்தாள், முகத்தில் சிரிப்பு இல்லை, பயந்த மாதிரி இருந்தாள்.

"புள்ள நீலமாத்தான் வந்துச்சு தம்பி. தலகீழாப் புடிச்சு அடிச்சேன், ஊதுனேன், அசையல. சரி, இதுவும் போச்சுன்னு சாக்குல கெடத்திட்டு ஒன் பொண்டாட்டியப் பாக்கத் திரும்புனேன். அப்ப பள்ளத்துக்கு அந்தாண்ட ஒன் சின்ன இஞ்சின் படபடன்னுச்சு, அதே நேரம் புள்ள கத்துச்சு. திரும்பிப் பாத்தா..." என்று நிறுத்திக்கொண்டு, "நீ யாரையாச்சும் அனுப்புனியா?" என்று கேட்டாள்.

"இல்லியே அக்கா."

"கதவு சாத்தித்தான் இருந்துச்சு. வந்து பாரு."

உள்ளே போய்ப் பார்த்தேன். குளிப்பாட்டாத பிள்ளை, உடம்பெல்லாம் பேறுகாலத்து அழுக்கு. நெற்றியில் மட்டும் பளிச்சென்று ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பெரியவர்கள் கட்டைவிரலால் அழுத்தி வைக்கிற அளவு. பச்சைப் பிள்ளைக்கு யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். குனிந்து மோந்து பார்த்தேன். சந்தனத்தோடு பெட்ரோல் வாசனை.

உங்கள் அம்மாவும் சொன்னாள். அன்றைக்குக் காலையிலிருந்து அந்த இஞ்சின் கிளம்புவதையும் நிற்பதையும் வலிக்கு நடுவில் எண்ணிக்கொண்டே படுத்திருந்தாளாம். கடைசியாகக் கிளம்பியதும் நீ அழுததும் ஒரே நொடி. இங்கே பொட்டை வழித்தவள் ஒரு மைல் தாண்டி அங்கே எப்போது போனாள்?

டீமேக்கர் ஐயா இதைக் கேட்டுவிட்டு, "ஒனக்குத் தூக்கமில்லடா, நீயே தொடச்சிருப்ப" என்றார். என் கையெல்லாம் கறுப்பு எண்ணெய், நான் துடைத்திருந்தால் மூடியில் கறை பட்டிருக்கும். அந்த இடத்தில் பித்தளை கண்ணாடி மாதிரி மின்னியது. வேலு அண்ணன், "அது ஆத்தாதான், வேறென்ன" என்றார், அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. ஆறு மாசம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்கிற பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன், அசிங்கமாகக்கூட நினைத்திருப்பார்கள். பாதி நகமுள்ள கட்டைவிரல் ஒருத்திக்கும் இல்லை.

இன்றைக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறேன், மூடியின் ஓரத்தில், ஓட்டையை விட்டுத் தள்ளி.

கடைசியாக ஒன்று. அன்றைக்குக் காத்தாயி அக்கா உன் நெற்றியைத் துடைத்த பழஞ்சேலைத் துண்டை நான் வாங்கி வைத்திருக்கிறேன், என் ட்ரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது. பெட்ரோல் என்ன சாமான் என்று எனக்குத் தெரியும், துணியில் ஊற்றி வெளியே வைத்தால் அரை மணியில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். இந்தத் துண்டில் இத்தனை வருஷமாக அந்த வாசனை அப்படியே இருக்கிறது. உங்கள் அம்மா மோந்து பார்த்தாள், பெட்ரோல் என்றாள். போன மாசம் ஒன்றும் சொல்லாமல் சுந்தரத்திடம் நீட்டினேன், மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்ரோல் என்றான்.

உன்னிடமும் நீட்டினேன், செல்லம், நினைவிருக்கிறதா? நீ கண்ணை மூடி ரொம்ப நேரம் மோந்துவிட்டு, "பெட்ரோல் ஒண்ணும் இல்லியேப்பா, பச்சக் கொழுந்து வாசந்தான் வருது. யாரோட சேலை இது?" என்று கேட்டாய்.