வேன் ஐந்து நிமிடத்தில் வரும்

தம்பி ஜெபின் இல்லையாம். காலையில் நெஞ்சு வலி... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

நான் ஓட்டும் ஸ்கூல் வேனுக்கு ஆப் செய்து தந்தவர். குழித்துறைப் பக்கத்துப் பெற்றோருக்குத் தினமும் 'வேன் ஐந்து நிமிடத்தில் வரும்' என்று மெசேஜ் வருமே, அது அவர் வேலை. அவர் மகள் ஆன்சியும் என் வேனில்தான் வருவாள்.

அழுகை வரவில்லை. வேனை இரண்டு தடவை கழுவினேன்.

நான் பத்தாம் வகுப்பையே மூன்று தவணையில் பாஸ் செய்தவன். ஆப் வந்த புதிதில், ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று, அதைத் திறந்த கையோடு தள்ளி மூடிவிடுவேன். ஒரு வாரம் ஒரு வீட்டுக்கும் மெசேஜ் போகவில்லை. மழையில் குடையோடு காத்து நின்ற தாய்மாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

ஜெபின் வந்து ஃபோனை வாங்கிப் பார்த்தார். "அண்ணே, திரையில தெரியாட்டாலும் இது உள்ள ஓடிட்டுதான் இருக்கும். மேல 'வேன் ஓடுகிறது'ன்னு சின்னதா நிக்குல்லா? அதத் தள்ளிராதீங்க."

"ஃபோன் ஆஃப் ஆனா நான்தான் மறுபடி திறக்கணுமா தம்பி?"

"வேண்டாம்ணே. ஆன் ஆனதும் ஃபோன் எல்லா ஆப்புக்கும் 'நான் எழும்பிட்டேன்'னு அறிவிப்பு குடுக்கும். நம்ம ஆப் அதக் கேட்டுத் தன்னால எழும்பிக்கிடும்."

"எனக்க வீட்டுல தொண்ட கிழியக் கத்துனாலும் ஒரு பிள்ள எழும்பாது. அந்தக் கோடிங்க எனக்கும் கொஞ்சம் எழுதித் தாரும்."

வேன் படியில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தார்... "செட்டிங்ஸ்ல ஆப்ப அடியோட நிறுத்துற ஃபோர்ஸ் ஸ்டாப் மட்டும் குடுத்துராதீங்கண்ணே. பொறவு அதுக்கு எந்த அறிவிப்பும் கேக்காது."

இன்று சாயங்காலம் டிரிப் எடுக்கும்போதுதான் உறைத்தது. அவர் நம்பரும் மெசேஜ் போகும் லிஸ்டில் இருக்கிறது. வேன் அவர் தெருவை நெருங்கினால் அவர் ஃபோன் அடிக்கும். அந்த வீட்டில்... இன்றைக்கு.

ஃபோர்ஸ் ஸ்டாப் வரைக்கும் விரல் போனது. ஆனால் மற்ற வீட்டுக்காரர்கள் வேன் எப்போது வரும் என்று தெரியாமல் ரோட்டில் நிற்பார்களே. ஒரு வீட்டுக்கு மட்டும் நிறுத்துவது எப்படி என்று ஜெபினிடம்தான் கேட்க வேண்டும்.

ஆப்பை நிறுத்தவில்லை.

அவர் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆட்கள். பழக்கத்தில் கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

ஆன்சி கேட் வரை வந்தாள். கையில் அவள் அப்பாவின் ஃபோன்.

"மாமா, மெசேஜ் வந்துட்டு. ஆனா நான் இண்ணைக்கு ஸ்கூலுக்கே வரல்லியே..."

"தெரியும் மக்கா."

"பொறவு என்னத்துக்கு நிறுத்துனிய?"

கியரைப் போட்டேன்.

அடக்கம் நாளைக் காலை. தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

ஆப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது தம்பி. தள்ளிவிடவில்லை. போயிட்டு வாரும்.