எழுத்து இல்லாத டிரைவ்

திரையில் D என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருபது ஜிபி என்று காட்டியது. அண்ணனுடைய D டிரைவ் இருநூறுக்கு மேல். தக்கலையில் அண்ணன் கடையில் ஒரு விண்ணப்பமாவது அடித்தவர்கள் எல்லோருக்கும் அந்த D-யைத் தெரியும். "முக்கியமானத D-ல வையுங்க. C போனாலும் D போவாது" என்று, அதென்ன என்றே தெரியாத மீன்காரப் பாட்டியிடம்கூட அவர் சொல்லியிருக்கிறார். இப்போது, மறுபடி ஏற்றிய ரசீது அடிக்கும் மென்பொருள் D-யில் தன் கோப்புகளைக் காணோம் என்று திரும்பத் திரும்பக் கத்தியது. ஜெராக்ஸ் எடுக்கும் சேச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று, "ஏன் மக்கா, எல்லாம் போச்சா?" என்று கேட்டார். கேரளத்துப் பாறசாலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், எல்லோருக்கும் அவர் சேச்சிதான். ஒன்றும் போகவில்லை என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

அண்ணன் எனக்கு ஒன்பது வயது மூத்தவர். நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு என் ஃபீசிலிருந்து செருப்பு வரைக்கும் எல்லாம் அண்ணன்தான். தாலுகா ஆபீசுக்கு எதிரே கடை போட்டார். நகல் எடுப்பது, மனு அடிப்பது, வேலைக்கு விண்ணப்பம் போடுவது. மெயில் என்ற ஒன்று ஊருக்குள் வந்த காலத்தில், ஊரில் பாதிப் பேருக்கு அதைத் தொடங்கிக் கொடுத்தவர் அண்ணன். பாஸ்வேர்டையும் அவரே போடுவார், அவரே நீளநோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. மெயில் வந்தால் அண்ணன் அச்சடித்து வைப்பார், சாயங்காலம் போய் வாங்கிக்கொள்வோம். தபால்காரரிடம் போய் என் கடிதத்தை நீ பார்த்தாயா என்று யாராவது கேட்பார்களா?

நான் எம்.சி.ஏ. படித்தவள். இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர், ஊரான் வீட்டுப் பிள்ளைகளிடம் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்று தொண்டை வற்றக் கத்துகிறவள். என் மெயிலின் பாஸ்வேர்டும் அந்த நீளநோட்டில்தான் இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம். படிப்பு முடியும் சமயத்தில் எங்களைப் பெற்ற அம்மைக்குப் பக்கவாதத்தில் ஒருபக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, உடுமாற்றுவது, கஞ்சி கொடுப்பது எல்லாம் நான். வீட்டில் நெட் கிடையாது. மூன்று இடங்களில் நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்தேன். முதல் இரண்டும் அம்மை படுத்திருந்தபோது, மூன்றாவது அவள் போன பிறகு. தினமும் அண்ணன் கடையடைத்து வந்ததும் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டுவார். ஒருநாள் அடுக்களையில் நான் அழுததைப் பார்த்துவிட்டு, "விடு மக்கா. நமக்கு விதிச்சது அது இல்ல" என்று சொல்லி, எனக்குப் பிடிக்கும் என்று மழையில் போய் ரசவடை வாங்கி வந்தார்.

மூன்றிலும் தோற்றவள் என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன். அது உடம்பில் ஒட்டிக்கொண்ட நினைப்பு. பள்ளிக்கூடத்தில் சம்பளம் கூட்டிக் கேட்கப் போனால்கூட வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன். அண்ணன் அடுத்த தெருவிலேயே மாப்பிள்ளை பார்த்தார். நல்ல மனுஷன், குறையொன்றும் இல்லை. தங்கச்சியைக் கண்ணெட்டும் தூரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறான், இவனல்லவா அண்ணன் என்று சபையில் எல்லோரும் மெச்சினார்கள். நானும்தான். அதற்குப் பிறகுதான் அண்ணனும் கல்யாணம் செய்துகொண்டு, மைனி வீட்டுக்கு வந்தார்.

போன வருஷம் அண்ணனுக்குக் கண்ணில் ஆபரேஷன். திருவனந்தபுரத்துக்கு மைனியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அந்தச் சனிக்கிழமைதான் கடைக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. போன் வந்தது. "ஏட்டி, மிஷின் எந்திரிக்கமாட்டேங்குன்னு சேச்சி சொல்லுகா. நாளைக்கு ஆராதனை முடிஞ்சு போய் விண்டோஸ் மாத்திப் போடு. C-யை மட்டும் அழி. D-யைத் தொடாதே." பதினைந்து வருஷமாக அந்த வேலையை வேறு ஒருவரையும் செய்யவிட்டதில்லை. பள்ளிக்கூடத்து மிஷின்களுக்கெல்லாம் நான் போடுகிறேனே, இதைப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டால்கூட, "உனக்கு எதுக்கு மக்கா சிரமம்" என்பார். கண் பயத்தில் இருந்தவருக்கு அன்றைக்கு வேறு ஒன்றும் நினைப்பில் வரவில்லை போல.

பென் டிரைவைச் செருகி வேலையை ஆரம்பித்தேன். விண்டோஸ் போடும் திரையில் C, D என்ற எழுத்தெல்லாம் தெரியாது, அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பங்கு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தது. நடுவில் ஒரு இருபது ஜிபி. மிஷின் விற்ற கம்பெனி வைத்ததாக இருக்கும் என்று அதை விட்டுவிட்டு, முதல் பங்கை மட்டும் அழித்துப் போட்டேன். எழுந்து வந்த விண்டோஸ், கண்ணில் பட்ட பங்குக்கெல்லாம் வரிசையாக எழுத்துக் கொடுத்திருந்தது. இருபது ஜிபிக்கு D. அண்ணனின் D-க்கு E. வாடிக்கைக்காரர்களின் கோப்புகள் இருந்த E-க்கு F. அவ்வளவுதான் விஷயம். எல்லாம் பத்திரமாக இருந்தது, பெயர்தான் ஒரு வீடு தள்ளிப் போயிருந்தது. சேச்சியிடம் காட்டினேன். "கர்த்தாவே" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு டீ வாங்கப் போனார்.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. D என்ற எழுத்தை ஒருவன் பிடித்து வைத்திருக்கும்போது இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. முதலில் அந்த இருபது ஜிபியை D-யிலிருந்து கிளப்ப வேண்டும். பிறகு E-யை D ஆக்கி, F-ஐ E ஆக்க வேண்டும். கிளப்புவதற்கு முன்னால் அது என்ன என்று ஒருதரம் திறந்து பார்த்தேன். கம்பெனி வைத்ததாக இல்லை. ஒரே ஒரு ஃபோல்டர். இதுவரை எழுத்தே கொடுக்காமல் ஒளித்து வைத்த இடம் என்று அப்போதுதான் புரிந்தது. ஆண்பிள்ளை ஒளித்து வைத்தது, வேண்டாத படம் ஏதாவது இருந்து தொலைக்குமோ என்று கூசியது. ஆனால் ஃபோல்டரின் பெயர் 'பாப்பா'. வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உள்ளே ஆறு கோப்புகள். முதலாவது பெங்களூரிலிருந்து வந்த வேலை உத்தரவு. என் பெயர், எங்கள் வீட்டு விலாசம், சேர வேண்டிய தேதி. நான் அதை இரண்டுதரம் வாசித்தேன், அப்போதும் மண்டையில் ஏறவில்லை. அடுத்தது அதற்குப் போன பதில். தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலையால் சேர இயலவில்லை என்று மிகத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்ளும் ஆங்கிலக் கடிதம், கீழே என் பெயர். மிகத் தாழ்மையுடன் என்பது அண்ணனின் கை. லீவு லெட்டராக இருந்தாலும் நிலவரி மனுவாக இருந்தாலும் அது இல்லாமல் அவர் அடிக்கமாட்டார். இன்னும் இரண்டு உத்தரவுகள், இன்னும் இரண்டு பதில்கள். மூன்றிலும் நான் தேறியிருக்கிறேன். மூன்றிலும்.

எனக்குள் வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது, கோபம் பிறகுதான் வந்தது. படியில் கால் வைக்கிறோம், அங்கே படி இல்லை, அப்படி ஒரு திடுக்கிடல் அது, நிற்கவே மாட்டேன் என்றது. கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். அடித்தது பதினாறு வருஷத்துக்கு முன்னால். இந்த டிஸ்கில் வந்து சேர்ந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், புது மிஷின் வாங்கிய மாதம். கடையில் இதுவரை நான்கு மிஷின் மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இதை எடுத்து, புதியதில் ஒரு மூலை ஒதுக்கி வைத்து, எழுத்தை எடுத்து ஒளித்திருக்கிறார். அழித்திருந்தால் எனக்குச் சாகும்வரை தெரிந்திருக்காது. சேச்சி டீயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "வெயிலா மக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுத்துகளை மாற்றி, ரசீது மென்பொருள் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து அண்ணன் வந்தார். பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி, மேலே கறுப்புக் கண்ணாடி. நாலு நாளும் மனதுக்குள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவள், அந்த மூடியைப் பார்த்ததும் அவர் முதுகுக்குத் தலையணை எடுத்து வைத்தேன். அவரே கேட்டார்.

"சேச்சி போன்ல சொன்னா. D சரியாயிட்டா?"

"ஆச்சு. நடுவுல ஒரு இருபது ஜிபி நின்னுது. அதையும் தொறந்து பாத்தேன்."

மைனி அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"அம்மையை நெனச்சுப் பாரு மக்கா. ஆம்பள நான் அவளைக் குளிப்பாட்டி உடுமாத்த முடியுமா? நீ போயிட்டா அவ கெடந்து நாறியிருப்பா."

இதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான்கு நாளும் இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

"மொத லெட்டருக்கு அது செரி அண்ணா. ரெண்டாவது வந்தப்போ அம்மை போய் ரெண்டு மாசம். மூணாவது வந்தது என்னைப் பொண்ணு பாக்க வந்த வாரம். அதுக்கும் தாழ்மையுடன் போட்டிருக்கிய."

அடுக்களையில் தேங்காய்ச் சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"நீயும் போயிட்டா அந்த வீட்டுல எனக்கு யாரு உண்டு?"

அப்பா போனபோது அழாதவர், அம்மை போனபோது சவப்பெட்டிக்கு ஆள் சொல்ல நடந்தவர், என் கல்யாணத்தில் பந்தியில் நின்று விளம்பியவர். அவருக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என நான் நினைத்ததே இல்லை. கடிதங்களைப் பார்த்ததைவிட இது என்னை அதிகமாக உலுக்கியது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ இருந்திருப்பியா?"

"மாட்டேன்" என்றேன். இனிப் பொய் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

"அதான்" என்றார்.

சொட்டு மருந்து விடும் நேரம் ஆகிவிட்டது என்று மைனி வந்தார். கைகழுவிவிட்டு நானே விட்டேன். பொறுத்துக்கொண்டு மேலே பார்த்தபடியே அண்ணன் கேட்டார்.

"அந்த டிரைவ என்ன செஞ்சே? அழிச்சுட்டியா?"

"இல்ல. அதுக்கு P போட்டிருக்கேன், பாப்பாவுக்கு P. மிஷினத் தொறந்தா தெரியும்."

"சேச்சி பாத்துருவாளே."

"பாக்கட்டும்."

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறும் என்று தோன்றவும் இல்லை. போன வாரம் வினாத்தாள் நகல் எடுக்கக் கடைக்குப் போனேன். திரையில் C, D, E, அதற்குக் கீழே P. அந்த எழுத்தை எடுத்துவிட அண்ணனுக்கு அரை நிமிஷம் போதும். அவர் எடுக்கவில்லை. நான் திரையைப் பார்ப்பதை அவர் பார்த்தார். எத்தனை நகல் வேணும் என்று கேட்டார். நாற்பது என்றேன்.